மக்கத்து வணிகச் சீமாட்டி அன்னை கதீஜா (ரலி)

பயிர் விளையாத மண்ணிலே, ஆறு ஓடாத பள்ளத்தாக்கிலே ஒரு நகரம் எவ்வாறு உயிர் வாழ இயலும்? உண்ணும் கோதுமை வெளியூரிலிருந்து வரவேண்டும். உடுத்தும் ஆடை அயல்நாட்டிலிருந்து வரவேண்டும். விளக்கில் வார்க்கும் எண்ணெயும் பிறர் நாட்டுப் பொருளே. இத்தகைய ஊருக்கு வாணிபமே மூச்சு. அது நின்றால் ஊரும் நின்றுபோகும். அன்றைய மக்கா அப்படிப்பட்ட ஊராகவே இருந்தது. அவ்வூரின் வணிகர்களுள் தலைசிறந்து விளங்கியவர் ஒரு பெண்மணி. அவர்கள்தாம் நம் அன்னை, உம்முல் முஃமினீன் கதீஜா நாயகி (ரலி) அவர்கள்.

அன்னையாரின் வாழ்வைப் பேசும்போது, முதல் வஹீ இறங்கிய வேளையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அவர்கள் அளித்த ஆறுதலையே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். அது தக்கதே. எனினும் அவர்கள் தம் செல்வத்தை எவ்வழியில் ஈட்டினார்கள், எத்தகையோரிடம் ஒப்படைத்தார்கள், இறுதியில் எதற்காகச் செலவிட்டார்கள் என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். கடை வைத்திருப்போருக்கும், கூட்டு வாணிபம் செய்வோருக்கும், பொருளைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்போருக்கும் அதிலே நிறைந்த படிப்பினை உண்டு.

வாணிபத்தால் வாழ்ந்த ஊர்

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவியையும் பச்சிளம் பாலகரையும் பயிரற்ற அப்பள்ளத்தாக்கிலே குடியமர்த்தியபோது, அவர்களுக்குக் கனிவகைகளை உணவாக அளிக்குமாறு இறைவனிடம் இறைஞ்சிய செய்தியைத் திருமறை எடுத்துரைக்கின்றது. அந்தப் பிரார்த்தனை நிறைவேறிய வழிகளுள் ஒன்று வாணிபம். புனித கஃபாவைத் தரிசிக்க வந்தோர் பொருள்களையும் கொண்டுவந்தனர். ஆண்டில் நான்கு மாதங்கள் போர் விலக்கப்பட்ட புனித மாதங்களாக இருந்தமையால், உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய சந்தைகளுக்கு மக்கள் அச்சமின்றி வந்து சென்றனர்.

எனினும் வருவோரை மட்டும் நம்பி ஓர் ஊர் செழிக்க முடியாது. பெருமானாரின் கொள்ளுப்பாட்டனார் ஹாஷிம் அவர்கள் இதனை நன்குணர்ந்தார்கள். ஷாம் தேசத்தை ஆண்ட ரோமர்களிடம் சென்று, குறைஷியரின் வணிகர்கள் அந்நாட்டில் தங்குதடையின்றி வந்துபோக அனுமதி பெற்றார்கள். அவர்களுடைய சகோதரர்களான அப்து ஷம்ஸ் அபிஸீனியாவுடனும், முத்தலிப் யமனுடனும், நௌபல் பாரசீகத்துடனும் இதேபோன்ற உடன்பாடுகளைச் செய்துகொண்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றார்கள். வழியிலே வாழ்ந்த அரபுக் குலத்தாருடனும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்களின் பொருள்களைக் குறைஷியர் கூலியின்றி எடுத்துச் சென்று விற்று, முதலையும் இலாபத்தையும் திருப்பித் தருவர். அதற்கு ஈடாக வணிகக் கூட்டத்தை அக்குலத்தார் தாக்கமாட்டார்கள். கொள்ளையடிக்கும் கையையே வாணிபத்தின் பங்காளியாக ஆக்கிய நுட்பத்தை என்னென்பது! குளிர்காலத்தில் யமனுக்கும், கோடையில் ஷாமுக்கும் மேற்கொள்ளப்பட்ட அப்பயணங்களைத் திருமறையின் 106ஆம் அத்தியாயம் குறைஷியருக்கு இறைவன் அளித்த அருட்கொடையாக நினைவூட்டுகின்றது.

தோலும், யமனின் நறுமணப் பொருள்களும், தாயிப் நகரத்து உலர்ந்த திராட்சையும் வடக்கே சென்றன. தானியமும், எண்ணெயும், துணியும், ஆயுதங்களும் தெற்கே வந்தன. மக்காவுக்குச் சொந்த நாணயச்சாலை கிடையாது. ரோமரின் பொற்காசான தீனாரும், பாரசீகரின் வெள்ளிக்காசான திர்ஹமும் அங்கே வழங்கின. அவற்றை எண்ணிக்கொள்வதைவிட எடை போட்டே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். பிறர் நாட்டுக் காசைக் கொண்டு, பிறர் நாட்டுப் பொருளை வாங்கி, பிறிதொரு நாட்டில் விற்றுப் பிழைத்த ஊர் அது.

இவ்வாழ்வில் ஆபத்துக்கும் குறைவில்லை. ஹாஷிம் அவர்கள் வணிகப் பயணத்தின்போதே காஸா நகரிலே மரணமடைந்தார்கள். பெருமானாரின் தந்தை அப்துல்லாஹ் அவர்களும் வாணிபத்திற்காகச் சென்று திரும்பும் வழியில், பிற்காலத்தில் மதீனா எனப் பெயர் பெற்ற யத்ரிபிலே நோயுற்று மறைந்தார்கள்.

தூய்மையாளர் எனப் பெயர் பெற்றவர்

இந்த நகரிலே, குறைஷிக் குலத்தின் பனூ அஸத் கிளையிலே, குவைலித் என்பாரின் அருமை மகளாகத் தோன்றினார்கள் கதீஜா நாயகி. தாயார் பெயர் பாத்திமா பின்த் ஸாயிதா. இஸ்லாம் தோன்றுவதற்கு முற்பட்ட அறியாமைக் காலத்திலேயே மக்கள் அவர்களைத் தூய்மையாளர் என்ற பொருள்பட ‘தாஹிரா’ என அழைத்தனர் என்றால், அவர்களின் ஒழுக்கத்தின் உயர்வை நாம் உய்த்துணரலாம். அபூஹாலா, அதீக் ஆகிய இருவரை மணந்து, இருவருக்குப் பின்னும் தனித்து நின்றார்கள். குலத்துப் பெரியோர் பலர் மணம் பேச முன்வந்தும் அவர்கள் இணங்கவில்லை. தம் கவனத்தை வாணிபத்திலே செலுத்தினார்கள்.

ஷாம் தேசத்திற்குப் புறப்படும் வணிகக் கூட்டத்தில் அன்னையாரின் சரக்கு மட்டுமே ஏனைய குறைஷியர் அனைவரின் சரக்குக்கும் ஈடாக இருக்கும் என இப்னு ஸஅத் போன்ற முற்கால ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றார்கள். அவ்வளவு பெரிய வாணிபத்தை நடத்திய அம்மாதரசி, தாம் ஒட்டகையேறிப் பாலைவனத்தைக் கடந்தவர்கள் அல்லர். மக்காவிலே தம் இல்லத்தில் இருந்தவாறே அதனை நடத்தினார்கள். அஃது எவ்வாறு இயன்றது?

முதல் ஒருவரது, உழைப்பு ஒருவரது

முதலை அன்னையார் அளிப்பார்கள். நம்பிக்கைக்குரிய ஒருவர் அதனைக் கொண்டு பொருள் வாங்கி, அயல்நாடு சென்று விற்று, அங்குள்ள பொருளை வாங்கித் திரும்புவார். கிடைக்கும் இலாபம் முன்னரே பேசிக்கொண்ட விகிதப்படி இருவருக்கும் பங்கிடப்படும். வணிகரின் குற்றம் ஏதுமின்றி நட்டம் நேரிட்டால், பொருள் நட்டம் முதல் கொடுத்தவருடையது. பயணம் செய்தவருக்கு அவருடைய உழைப்பு வீணானதே நட்டம். இம்முறையைத்தான் நம் மார்க்கச் சட்ட நூல்கள் ‘முளாரபா’ என்றும் ‘கிராள்’ என்றும் அழைக்கின்றன. நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் இதனை ஆகுமான வாணிபமாக ஏற்றுள்ளார்கள்.

இதே மக்காவில் வட்டித் தொழிலும் தழைத்திருந்ததை நாம் மறந்துவிடலாகாது. தவணை வந்ததும் கடன்காரன் கொடுக்க இயலாவிட்டால், தவணையை நீட்டிக் கடனைப் பெருக்கிக்கொண்டே போவார்கள். வணிகக் கூட்டம் பாலைவனத்தில் கொள்ளை போயிருந்தாலும் வட்டிக்காரனுக்குக் கவலையில்லை. கடன்பட்டவனோ தன் உடைமை அனைத்தையும் இழப்பான். முளாரபாவிலோ, முதல் கொடுத்தவரும் பயணம் போனவரும் ஒரே நன்மை தீமையில் பங்குகொள்கின்றனர். பின்னாளில் இஸ்லாம் வட்டியை விலக்கி, முளாரபாவை நிலைநிறுத்தியது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது பெருமானார் (ஸல்) அவர்கள், தம் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியையே முதன்முதலில் ரத்துச் செய்தார்கள்.

ஆனால் முளாரபாவில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. வணிகர் பல நூறு கல் தொலைவில் இருக்கிறார். என்ன விலைக்கு விற்றார், எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை முதல் கொடுத்தவர் நேரிலே காண்பதில்லை. தபாலும் தந்தியும் இல்லாத காலம் அது. கணக்கைச் சொல்பவரின் நாவையும் நெஞ்சையும் நம்பியே அனைத்தும் நடந்தன. அன்னையாருக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அமானிதம் பேணும் மனிதருக்கே பஞ்சம் இருந்தது.

நாணயத்திற்கு வந்த சோதனை

அப்பஞ்சம் எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். யமன் நாட்டின் ஸுபைத் ஊரைச் சேர்ந்த ஒரு வணிகர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவர் அதனை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். அந்நியருக்கு ஆதரவாக ஒருவரும் வரவில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று தமக்கிழைக்கப்பட்ட அநீதியை ஊரறிய முறையிட்டார். அதன்பின் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் சிலர் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் உள்ளூரார் ஆயினும் வெளியூரார் ஆயினும் அவருக்கு உரிமை கிடைக்கும்வரை ஒன்றுபட்டு நிற்பதென உறுதி செய்தனர். ‘ஹில்புல் புழூல்’ எனப்படும் அவ்வொப்பந்தத்தில், ஏறத்தாழ 20 வயது நிரம்பிய இளைஞரான முஹம்மத் (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும் அதனைப் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார்கள்.

அயலாரின் பொருளால் வாழும் ஊரிலே, அயலாரை ஏமாற்றுவது தன் கிணற்றிலே தானே நஞ்சைக் கலப்பதற்கு ஒப்பாகும். இதனை உணர்ந்தோர் மக்காவில் சிலரே இருந்தனர். அவ்விளைஞரோ நம்பிக்கையாளர் என்னும் பொருளில் ‘அல்அமீன்’ என ஊராரால் அழைக்கப்பட்டார்கள்.

ஷாம் தேசப் பயணம்

அவ்விளைஞரின் வாய்மையையும் நன்னடத்தையையும் கேள்வியுற்ற கதீஜா நாயகி, தம் சரக்கோடு ஷாமுக்குச் செல்ல முடியுமா என ஆளனுப்பி வினவினார்கள். மற்றவர்களுக்கு அளித்ததைவிட மேலான பங்கினை அளிக்கவும் முன்வந்தார்கள். நேர்மைக்கு விலையில்லை என்பர். ஆயினும் நேர்மையாளரின் உழைப்புக்கு உயர்ந்த பங்கு தரவேண்டும் என்பதை அன்னையார் அறிந்திருந்தார்கள். தம் பணியாளர் மைஸராவையும் உடன் அனுப்பி வைத்தார்கள்.

ஏறத்தாழ கி.பி. 595இல் அப்பயணம் நடந்தது. ஷாமின் தென்பகுதியில் உள்ள புஸ்ரா என்னும் நகரம்வரை சென்று, கொண்டுபோன பொருளை விற்று, வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு அவர்கள் மக்காவுக்குத் திரும்பினார்கள். அங்கே அப்பொருள்களை விற்றபோது, முதல் இரட்டித்தது அல்லது அதனை நெருங்கிய இலாபம் கிடைத்தது என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்னையாரின் உள்ளத்தைக் கவர்ந்தது அந்த இலாபமா? இல்லை. இலாபத்தை அவர்கள் முன்னரும் கண்டவர்கள். வழிநெடுகிலும் அவ்விளைஞரின் பேச்சிலும் செயலிலும் கண்ட மாண்பினை மைஸரா எடுத்துக் கூறினார். அதுவே அவர்களின் நெஞ்சைத் தொட்டது.

தம் தோழி நபீஸாவின் மூலம் திருமணப் பேச்சை அன்னையாரே தொடங்கினார்கள். அன்னையாரின் சார்பில் அவர்களின் சிறிய தந்தையார் அம்ரு இப்னு அஸதும், மணமகனின் சார்பில் அபூதாலிபும் முன்னின்று நிகாஹ் இனிதே நிறைவேறியது. 20 பெண் ஒட்டகைகள் மஹராக அளிக்கப்பட்டன என்பது ஓர் அறிவிப்பு. மணமகனாருக்கு அப்போது வயது 25. அன்னையாருக்கு 40 என்பதே பரவலாக அறியப்பட்ட செய்தி. வயது அதனினும் குறைவு எனக் கூறும் அறிவிப்புகளும் உள்ளன. காஸிம், அப்துல்லாஹ் என்னும் ஆண்மக்களும், ஸைனப், ருகையா, உம்மு குல்ஸும், பாத்திமா என்னும் பெண்மக்களும் அவ்வில்லற வாழ்வின் கனிகளாவர். ஆண்மக்கள் இருவரும் இளமையிலேயே இறைவனடி சேர்ந்தனர்.

செல்வம் சென்ற வழி

திருமணத்திற்குப் பின் அன்னையாரின் செல்வம் வேறொரு வழியில் ஓடத் தொடங்கியது. பெருமானாரைப் பாலூட்டி வளர்த்த ஹலீமா அம்மையார் பஞ்சத்தால் வாடி மக்காவுக்கு வந்தபோது, 40 ஆடுகளையும் ஓர் ஒட்டகையையும் அன்னையார் வழங்கியதாக ஓர் அறிவிப்பு உள்ளது. தம் சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் அளித்த ஸைத் என்னும் அடிமைச் சிறுவரைக் கணவருக்கே அளித்துவிட்டார்கள். பெருமானாரோ அவரை விடுதலை செய்து மகனைப்போல் வளர்த்தார்கள். ஊரிலே வறட்சி நேர்ந்து அபூதாலிபின் பெரிய குடும்பம் துன்புற்றபோது, சிறுவர் அலீ (ரலி) அவர்கள் அன்னையாரின் இல்லத்திலே வந்து வளர்ந்தார்கள்.

கி.பி. 610இல் ஹிரா குகையிலே வஹீ இறங்கியது. நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய பெருமானாரைத் தேற்றிய அன்னையார், உறவினரைப் பேணுபவரையும், ஏழைகளின் சுமையைத் தாங்குபவரையும், விருந்தினரை உபசரிப்பவரையும் இறைவன் கைவிடமாட்டான் என உறுதி கூறினார்கள். மைஸராவின் வாய்மொழியாலும், 15 ஆண்டு இல்வாழ்க்கையாலும் தாம் அறிந்த குணங்களையே அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். தம் உறவினரான முதியவர் வரகா இப்னு நவ்பலிடம் அழைத்துச் சென்றார்கள். முதன்முதலில் ஈமான் கொண்டவர்களும் அவர்களே. தம் பொருளை ஒப்படைத்தபோது பிழைபடாத அவர்களின் கணிப்பு, தம் ஆன்மாவை ஒப்படைத்தபோதும் பிழைபடவில்லை.

அடைக்கப்பட்ட சந்தை

நபித்துவத்தின் 7ஆம் ஆண்டு. அம்மார்க்கத்தை அடக்கக் குறைஷித் தலைவர்கள் ஒரு கொடிய வழியைக் கண்டனர். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் குடும்பத்தாரிடம் எவரும் பெண் கொள்ளவோ கொடுக்கவோ கூடாது, பொருள் வாங்கவோ விற்கவோ கூடாது என எழுதிக் கஃபாவிலே தொங்கவிட்டனர். விளைநிலம் உள்ள ஊரிலே இத்தகைய தடை விதித்தால் மக்கள் தம் நிலத்து விளைவையாவது உண்டு வாழ்வர். மக்காவிலோ, சந்தையை அடைப்பது அடுப்பையே அணைப்பதாகும். உலகெங்கும் வழி திறந்து வாழ்ந்த ஊர், தன் மக்களுக்கே வழியை அடைத்தது. அந்த வழியைத் திறந்தவர் ஹாஷிம். அடைக்கப்பட்டவர்களோ அவருடைய பேரப்பிள்ளைகள்!

மூன்றாண்டுகள் அபூதாலிப் கணவாயிலே அவர்கள் துன்புற்றார்கள். இலைகளை உண்டனர். பசியால் குழந்தைகள் அழும் ஒலி கணவாய்க்கு வெளியிலும் கேட்டது. புனித மாதங்களில் வெளியே வந்து வாங்க முயன்றபோதும், அவர்களுக்கு எட்டாதபடி விலையை உயர்த்துமாறு வெளியூர் வணிகரை அபூலஹப் தூண்டினான் என வரலாறு கூறும். ஒரு காலத்தில் தம் சரக்கை ஷாமுக்கு அனுப்பிய அன்னையார், கணவரோடு அக்கணவாயிலே இருந்தார்கள். அவர்களின் குலமான பனூ அஸதுக்கு அத்தடை பொருந்தாது. விரும்பியிருந்தால் பிறந்தகம் சென்று சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர்கள் செல்லவில்லை.

ஹகீம் இப்னு ஹிஸாம் தம் அத்தைக்காகக் கோதுமை கொண்டுவந்தபோது அபூஜஹ்ல் வழிமறித்தான். அபுல் பக்தரீ என்பவர் குறுக்கிட்டு, அத்தையின் தானியத்தை அவரிடம் கொண்டுசெல்வதைத் தடுக்க நீ யார் எனக் கண்டித்து, ஒட்டகையின் தாடை எலும்பால் அவனை அடித்துவிட்டார். இவரும் ஹிஷாம் இப்னு அம்ரு, ஸுஹைர், முத்இம் இப்னு அதீ, ஸம்ஆ ஆகியோரும் சேர்ந்து முயன்றதால் இறுதியில் தடை நீங்கியது. அப்பத்திரத்தில் இறைவன் திருப்பெயர் தவிர ஏனையவற்றைக் கரையான் அரித்திருந்தது.

அன்னையாரின் மறைவு

தடை நீங்கியும் அன்னையார் நெடுநாள் வாழவில்லை. நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, கி.பி. 619இல், புனித ரமலான் மாதத்திலே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். ஜனாஸாத் தொழுகை அப்போது கடமையாக்கப்படவில்லை. மக்காவின் ஹஜூன் என்னுமிடத்தில், பெருமானார் (ஸல்) அவர்களே கப்றில் இறங்கி அவர்களை நல்லடக்கம் செய்தார்கள். அபூதாலிபும் அவ்வாண்டிலேயே மறைந்தமையால் அது துயர ஆண்டு எனப் பெயர் பெற்றது.

மக்காவின் மிகப்பெரும் வணிகராக விளங்கிய அவர்கள் தம் செல்வத்தை இறைவழியிலே செலவிட்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு இறைவனிடமிருந்து ஸலாம் வந்தது. கூச்சலும் களைப்பும் இல்லாத முத்து மாளிகையொன்று சுவனத்தில் உண்டு என்னும் நற்செய்தியை ஜிப்ரீல் (அலை) அவர்கள் கொண்டுவந்தார்கள். மக்கள் மறுத்தபோது நம்பியதையும், பிறர் கொடாதபோது தம் பொருளால் உதவியதையும் பெருமானார் தம் இறுதிக்காலம்வரை நன்றியோடு கூறிக்கொண்டிருந்தார்கள்.

அம்மரபு தொடர்ந்தது

அன்னையார் பேணிய அமானிதம் அவர்களோடு மறைந்துவிடவில்லை. அவர்களின் சகோதரி ஹாலாவின் மகன் அபுல் ஆஸ், மக்காவில் நாணயத்திற்குப் பெயர் பெற்ற வணிகர். அன்னையாரின் விருப்பத்தினாலேயே மூத்த மகள் ஸைனப் (ரலி) அவர்களை அவருக்கு மணமுடித்தார்கள். பத்ருப் போரில் அவர் கைதியானபோது, அவரை மீட்க ஸைனப் அனுப்பிய பொருளிலே ஒரு கழுத்துமாலை இருந்தது. அது திருமணத்தின்போது அன்னை கதீஜா மகளுக்கு அணிவித்தது. அதனைக் கண்டு பெருமானார் மிகவும் நெகிழ்ந்துபோனார்கள். தோழர்களின் சம்மதத்தோடு மாலை திருப்பி அனுப்பப்பட்டது.

பின்னர் ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில், ஷாமிலிருந்து குறைஷியரின் முதலோடு திரும்பிய அபுல் ஆஸின் சரக்கு முஸ்லிம்களின் கையில் சிக்கியது. மதீனாவில் ஸைனப் (ரலி) அவருக்கு அடைக்கலம் அளித்தார்கள். பொருள் முழுவதும், ஒரு சிறு கயிறும் குறையாமல் திருப்பித் தரப்பட்டது. அவரோ உடனே இஸ்லாத்தை ஏற்றுவிடவில்லை. மக்கா சென்று, ஒவ்வொருவருக்கும் உரியதை ஒப்படைத்து, எவருக்கேனும் பாக்கி உண்டா எனக் கேட்டறிந்த பின்னரே கலிமாவை மொழிந்தார். பிறர் முதலை அபகரிக்கவே மதம் மாறினார் என ஒருவரும் நினைத்துவிடக் கூடாதென்பது அவர் எண்ணம்.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். யமாமாவின் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும், மக்காவுக்குச் செல்லும் கோதுமையை நிறுத்திவிட்டார். பசியால் துன்புற்ற குறைஷியர் பெருமானாருக்கு மடல் எழுதி முறையிட்டனர். தம்மையும் தம் அருமை மனைவியையும் மூன்றாண்டுகள் பட்டினி போட்ட ஊர் அது. பழிதீர்க்க விரும்பினால் அதுவே தருணம். ஆயினும் தானியத்தை அனுப்புமாறு பெருமானார் ஆணையிட்டார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! பொருளை முடக்கி வைக்காமல், வட்டிக்கு விடாமல், நேர்மையாளரின் உழைப்போடு இணைத்தவர்கள் நம் அன்னை. இலாபத்தில் பங்கு கேட்டதுபோல் இடரிலும் பங்கேற்றவர்கள். பிறருடைய முதல் நம் கையில் இருக்குமாயின், அவர் காணாத இடத்திலும் அல்லாஹ் காண்கிறான் என்னும் அச்சம் நமக்கு வேண்டும். நம் முதல் பிறர் கையில் இருக்குமாயின், அவருடைய உழைப்புக்குரிய பங்கைத் தயங்காமல் தரும் மனம் வேண்டும். பிறர் பசியைக் கருவியாக்கி ஒருவரைப் பணியவைக்கும் எண்ணம் நம் உள்ளத்தில் ஒருபோதும் புகலாகாது. கதீஜா எனத் தம் மகளுக்குப் பெயர் சூட்டி மகிழும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. அப்பெயரோடு அந்த நாணயமும் நம் இல்லங்களில் நிலைபெற வல்ல ரஹ்மான் நல்லருள் புரிவானாக! ஆமீன்.